இறக்கை நரம்பைப் பார்த்து ஒட்டுண்ணி ஈயைக் கண்டுபிடிப்பது எப்படி?

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டுப்புழு வளர்ப்பு மனை. ஜன்னலில் அடித்திருந்த நைலான் வலையின் வெளிப்பக்கம் மூன்று ஈக்கள் உட்கார்ந்திருந்தன. மூன்றும் சாம்பல் நிறம், மூன்றுக்கும் முதுகில் கறுப்புக் கோடு. "கோடு போட்டிருக்கு பாருங்க சார், மூணும் ஊசி ஈதான்" என்றார் மனைக்காரர். நானும் பெரிய ஆள் மாதிரி தலையாட்டிவிட்டு, மூன்றையும் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். லென்ஸில் பார்த்தால் ஒன்று சாதாரண வீட்டு ஈ, ஒன்று சதை ஈ. மூன்றாவது மட்டும்தான் பட்டுப்புழுவைக் கொல்லும் ஊசி ஈ. வீட்டு ஈக்கும் முதுகில் நாலு கோடு, ஊசி ஈக்கும் நாலு கோடு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அன்றைக்குத்தான் இறக்கையைப் பார்க்கத் தொடங்கினேன். ஈயின் நிறம் வெயிலில் வெளுக்கும், மயிர் உதிரும், உடம்பு காய்ந்து சுருங்கும். இறக்கை நரம்பு மட்டும் செத்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே இருக்கும். ஆனால் நரம்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு முதல் ஒரு வருடம் அந்த இரண்டாவது பாதி பிடிபடவில்லை.

ஒட்டுண்ணி என்று இங்கே சொல்வது, மற்றொரு பூச்சிக்குள் புழுவாக வளர்ந்து, கடைசியில் அதைக் கொன்றுவிட்டு வெளியே வரும் ஈக்களை. மாட்டின் மேல் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும் ஈ வேறு கதை. இந்த வகை ஈக்களில் பெரிய குடும்பம் டாக்கினிட். உலகம் முழுவதும் 8,500க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊசி ஈ, அதாவது எக்ஸோரிஸ்டா பாம்பிசிஸ், இந்தக் குடும்பம்தான். 1980இல் மேற்கு வங்கத்திலிருந்து வந்த பட்டுக்கூடுகளோடு கர்நாடகத்துக்குள் நுழைந்து, அப்புறம் நம் பக்கமும் பரவியது. பெயரில் ஊசி இருப்பதால் குத்தும் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானிய மொழியில் ஊஜி என்றால் ஈப்புழு.

பட்டுக்காரருக்கு எதிரியான இதே குடும்பம் கரும்புக்காரருக்குக் கூட்டாளி. ஸ்டர்மியாப்சிஸ் இன்ஃபெரன்ஸ் என்ற டாக்கினிட் ஈ, கரும்பு இளங்குருத்துப்புழு துளைத்த ஓட்டை வாயிலில் தன் குட்டிப் புழுக்களை விட்டுவிட்டுப் போகும். அவை உள்ளே ஊர்ந்து போய்க் குருத்துப்புழுவைப் பிடித்துக்கொள்ளும். அதனால் வலையில் உட்கார்ந்திருக்கும் ஈயை அடிப்பதா விடுவதா என்பது, அது யார் என்று தெரிந்தால்தான் முடிவாகும்.

சாமான்கள்

பெரிய செலவு இல்லை. நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பது போன்ற 10 மடங்கு லென்ஸ் ஒன்று, கூர்முனை இடுக்கி ஒன்று, சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள், கண்ணாடி போலத் தெளிவான செல்லோடேப், வெள்ளை அட்டை. போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் வசதி. மைக்ரோஸ்கோப் இருந்தால் சந்தோஷம், இல்லையென்றாலும் குடும்பம் வரை போய்விடலாம். 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் ஈக்களுக்கு மட்டும் லென்ஸ் போதாது.

ஈ கைக்கு வருவது

வலை வீசிப் பிடிக்கலாம், ஜன்னலில் பிடிக்கலாம். ஆனால் நான் எல்லோருக்கும் சொல்வது, புழுவைப் பிடித்து வளர்த்துப் பாருங்கள் என்பதுதான். தோட்டத்தில் ஒரு கம்பளிப்புழுவின் தலைக்குப் பின்னால் வெள்ளையாக, அரிசி நொய் ஒட்டினாற்போல முட்டை தெரிந்தால் அந்தப் புழுவை இலையோடு டப்பாவில் போட்டு, மேலே துணி கட்டி வையுங்கள். எல்லா டாக்கினிட்டும் இப்படி வெளியே தெரிய முட்டையிடாது. சில வகைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு முட்டைகளை இலையில் இட்டுவிடும், புழு இலையோடு சேர்த்துத் தின்றுவிடும். அதனால் முட்டை தெரியாத புழுவையும் நாலைந்து வளர்க்கலாம். புழு செத்து, பக்கத்தில் பழுப்பு நிறத்தில் பீப்பாய் மாதிரி ஒரு கூட்டுப்புழு கிடந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதிலிருந்து வரும் ஈ எந்தப் புழுவில் வளர்ந்தது என்பது சந்தேகமில்லாமல் தெரியும். வலையில் பிடித்த ஈ அதைச் சொல்லாது.

இங்கே ஒரு தப்பு நடக்கும், எனக்கு நடந்தது. கூட்டை உடைத்து ஈ வெளியே வந்த உடனே ஆவலில் ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் இறக்கை கசக்கிப் போட்ட பாலித்தீன் பை போல இருந்தது. புதிதாகப் பிறந்த ஈக்கு இறக்கை விரிந்து, நரம்பு கெட்டிப்பட நேரம் வேண்டும். ஒரு நாள் முழுக்க உயிரோடு விடுங்கள், பஞ்சில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் நனைத்து வையுங்கள். அப்புறம் ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும்.

சாராயத்தில் போடாதீர்கள். டாக்கினிட் ஈயின் உடம்பெல்லாம் முள் மயிர். ஈரத்தில் அது ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும், பின்னால் மயிர் வரிசையைத் தேடும்போது அழுகை வரும். காய்ந்த ஈதான் நல்லது.

இறக்கையைத் தனியாக எடுப்பது

முதலில் எண்ணுங்கள், இறக்கை இரண்டா நாலா? நாலு என்றால் அது குளவி, இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. புழுக்களை வளர்க்கும்போது ஒட்டுண்ணிக் குளவியும் நிறைய வரும். ஈக்கு ஒரு ஜோடி இறக்கைதான். இரண்டாவது ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி இரண்டு குமிழ் இருக்கும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்து, பத்து நிமிடம் கழித்து, ஈயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வலது இறக்கையின் அடியை, உடம்போடு சேரும் இடத்தில், இடுக்கியால் பிடித்து மெதுவாக மேல்நோக்கி இழுத்தால் கழன்று வரும். நடுவில் பிடித்தால் கிழியும். எப்போதும் ஒரே பக்க இறக்கையை எடுப்பதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், இன்னொன்று உடம்போடு இருக்கட்டும். இறக்கையை வெள்ளை அட்டையில் வைத்து மேலே டேப்பை ஒட்டுங்கள். ஒரு முனையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தால் காற்றுக் குமிழ் விழாது. ஒட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது, அது ஒரு குறை. சின்ன இறக்கையாக இருந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு அதில் மிதக்க வைத்து, மேலே மெல்லிய கண்ணாடி மூடுவது மேல்.

வெளிச்சம் முக்கியம். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் இறக்கை சோப்புக் குமிழி போல வானவில் காட்டும், நரம்பு மறைந்துவிடும். அட்டைக்குப் பதிலாகத் தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, கீழே ஒரு வெள்ளைத் தாள், அதற்கும் கீழே இன்னொரு போனின் டார்ச். இப்படிப் பார்த்தால் நரம்பெல்லாம் கறுப்புக் கோடாகத் தெளியும்.

ஊர் வரைபடம் போலப் படியுங்கள்

இறக்கையின் அடி இடப்பக்கமும், தடித்த ஓரம் மேலேயும் வரும்படி வையுங்கள். தடித்த ஓரம்தான் முன்னோரம், பறக்கும்போது காற்றைக் கிழிப்பது. இந்த நிலையை மாற்றாதீர்கள். தலைகீழாக வைத்துக்கொண்டு அரைமணி நேரம் குழம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நரம்புகளுக்கு இன்று உலகம் முழுக்கப் புழங்கும் பெயர்கள் அமெரிக்காவின் காம்ஸ்டாக், நீடம் என்ற இருவர் 1898–99இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தவை. எல்லாப் பூச்சிக்கும் அடிப்படையில் ஒரே நரம்புத் திட்டம், சில சேர்ந்துவிட்டன, சில அழிந்துவிட்டன என்பது அவர்கள் பார்வை. அதனால்தான் ஈ இறக்கையில் ஆர் 2+3, ஆர் 4+5 என்று கூட்டல் கணக்கு போலப் பெயர்கள். ஆர் என்பது ரேடியஸ் என்ற நரம்பின் சுருக்கம். இரண்டு நரம்பு ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை.

வீட்டு ஈ ஒன்றை அடித்து, அதன் இறக்கையை எடுத்து வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் பாடப்புத்தகம் அது.

மேலே முன்னோரமாகவே ஓடுவது கோஸ்டா. தடிமனாக, சின்ன மயிர்களோடு இருக்கும். அதற்குக் கீழே அடியிலிருந்து கிளம்பி, பாதி வழியில் முன்னோரத்தில் போய் முட்டும் குட்டை நரம்பு சப்கோஸ்டா. அடுத்தது ஆர் 1, அதுவும் முன்னோரத்திலேயே முடியும். அடுத்த ஆர் 2+3 இன்னும் நீளம். அதற்கும் கீழே ஆர் 4+5, இது இறக்கையின் நுனிக்குப் பக்கத்தில் போய் முடியும்.

இதற்குக் கீழே ஓடுவதுதான் எம், மீடியா என்ற நரம்பு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பழைய நூல்களில் இதையே நான்காம் நரம்பு என்று எழுதியிருப்பார்கள். இறக்கையின் நடுவில் ஆர் 4+5ஐயும் எம்மையும் ஒரு சின்னக் குறுக்கு நரம்பு, ஏணிப்படி போல, இணைக்கும். கொஞ்சம் வெளியே தள்ளி, எம்மையும் அதற்குக் கீழே உள்ள நரம்பையும் இன்னொரு குறுக்கு நரம்பு இணைக்கும். அந்த இரண்டாவது குறுக்கு நரம்பைத் தாண்டி எம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். வீட்டு ஈயில் அது நேராக ஓரத்துக்குப் போகாமல், திடீரென்று மேல்நோக்கி முழங்கை மாதிரி மடங்கி, ஆர் 4+5இன் முடிவை நெருங்கும்.

எல்லாவற்றுக்கும் கீழே, உடம்பை ஒட்டினாற்போல ஒரு நரம்பு வரும், அதை ஏனல் நரம்பு என்போம். அது இறக்கையின் பின்னோரத்தைத் தொடுகிறதா, நடுவிலேயே நின்றுவிடுகிறதா என்பதும் ஒரு கேள்வி.

ஒருமுறை பென்சிலால் வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. வரையும்போதுதான் கண் ஒவ்வொரு நரம்பாகப் பின்தொடரும். போனில் படம் எடுத்துவிட்டுப் பார்த்தாயிற்று என்று நினைப்பவர்களுக்கு நரம்பு மனதில் நிற்பதில்லை.

எம் மடங்கியிருந்தால்

டாக்கினிட் ஈக்களில் எம் நன்றாக மடங்கியிருக்கும். இதைப் படித்துவிட்டு, மடங்கிய எம் எல்லாம் ஒட்டுண்ணி என்று நான் ஒரு வருடம் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டு ஈயில் மடிப்பைக் காட்டியது அதற்காகத்தான். வீட்டு ஈ, சதை ஈ, பச்சையாய் மின்னும் ஈ வகைகள், டாக்கினிட், எல்லாவற்றிலும் மடிப்பு உண்டு. மடிப்பு இருக்கிறது என்றால் ஆளைக் கண்டுபிடித்தாயிற்று என்று இல்லை, சரியான தெருவுக்கு வந்துவிட்டோம், அவ்வளவுதான். வீட்டைக் கண்டுபிடிக்க இறக்கையை விட்டுவிட்டு உடம்புக்குத் திரும்ப வேண்டும்.

பக்கவாட்டில் ஈயைத் திருப்புங்கள். பின்காலின் அடிக்கு மேலே, அந்தக் குமிழுக்கு முன்னால் சற்றுக் கீழே, தடித்த முள் மயிர் வரிசையாக நிற்கிறதா? இருந்தால் வீட்டு ஈ குடும்பம் கழிந்தது. வீட்டு ஈயில் அந்த இடம் மொட்டை.

அடுத்து முதுகின் பின்முனை. அங்கே முக்கோணத் தகடு ஒன்று வயிற்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில், பக்கத்திலிருந்து பார்த்தால், இரட்டை நாடி போல உப்பலாக ஒரு சதை தெரிகிறதா? உருண்டையாக, தகட்டின் கீழே இன்னொரு தகடு தொங்கினாற்போல? அது இருந்தால் டாக்கினிட் என்று பெரும்பாலும் எழுதிவிடலாம். சதை ஈயில் அந்த இடம் தட்டையாகவோ உள்வாங்கியோ இருக்கும். இறக்கையும் அதன் அடியில் உள்ள வெள்ளை மடலும் இதை மறைக்கும் என்பதால் நேர் மேலிருந்து எடுத்த போட்டோவில் தெரியவே தெரியாது. போட்டோ எடுத்தால் மூன்று கோணம் வேண்டும்: இறக்கை விரிந்த நிலையில் மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து, முகத்துக்கு நேராக.

முகம் எதற்கு என்றால், உணர்கொம்பிலிருந்து ஒரு நீண்ட மயிர் கிளம்பும், அதற்காக. வீட்டு ஈயில் அது நுனி வரை இறகு போல இருக்கும். சதை ஈயில் பெரும்பாலும் அடிப்பாதி இறகு, நுனிப்பாதி வெறும் மயிர். டாக்கினிட்டில் பெரும்பாலும் முழுக்க வெறும் மயிர். பெரும்பாலும் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன், கவனியுங்கள். இறகு போன்ற மயிர் உள்ள டாக்கினிட்டும் இருக்கிறது.

மடிப்பின் வடிவத்திலும் விஷயம் இருக்கிறது. எம் மேலே ஏறிப் போய் ஆர் 4+5இன் பக்கத்தில் ஓரத்தைத் தொடும்போது நடுவில் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கலாம். இரண்டும் ஓரத்தில் ஒரே புள்ளியில் சேரலாம். ஓரத்துக்கு முன்னாலேயே சேர்ந்து, ஒரு காம்பு போல நீண்டு, அப்புறம் ஓரத்தைத் தொடலாம். திறந்தது, மூடியது, காம்புள்ளது என்று குறிப்பில் எழுதுங்கள். குடும்பத்துக்குள்ளே பேரினத்தைப் பிரிக்க இது உதவும். அதேபோல ஆர் 4+5இன் அடியில் மேல்பக்கமாக முளைத்திருக்கும் குட்டி மயிர்களை எண்ணுங்கள். சிலவற்றில் இரண்டு மூன்றுதான், சிலவற்றில் குறுக்கு நரம்பு வரை வரிசையாகப் போகும். டேப் ஒட்டினால் இந்த மயிர் படிந்துவிடும் என்பதால் ஒட்டுவதற்கு முன்னாலேயே எண்ணிவிட வேண்டும்.

எம் மடங்காமல் இருந்தால்

அறை நடுவே ஓயாமல் சுற்றும் சின்ன வீட்டு ஈயில் எம் நேராகப் போகும். ஏனல் நரம்பு பின்னோரம் வரை போய்த் தொட்டால் அது வேர்ப்புழு ஈக்களின் குடும்பமாக இருக்கலாம், வெங்காயத்தைக் கெடுக்கும் ஈ அந்த வகை. இவை நமக்கு வேண்டாம். ஆனால் மடிப்பு இல்லாத ஒட்டுண்ணிகள் சில உண்டு, அவற்றின் இறக்கை ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

எளிதானது ஃபோரிட். முன்னோரத்தில் இரண்டு மூன்று தடித்த கறுப்பு நரம்பு, அவையும் பாதி வழியில் நின்றுவிடும். மீதி இறக்கை முழுக்க, மெல்லிய நரம்புகள் நாலு, சாய்வாக, குறுக்கு நரம்பே இல்லாமல் ஓடும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. கூனல் முதுகு, விட்டு விட்டு ஓடும் ஓட்டம். எறும்பின் தலைக்குள் வளர்ந்து தலையையே கழற்றிவிடும் சூடாக்டியான் ஈக்கள் இந்தக் குடும்பம்தான். அமெரிக்காவில் தென் அமெரிக்க நெருப்பெறும்பை அடக்க 1990களில் அவற்றை விடத் தொடங்கினார்கள். ஆனால் உங்கள் டப்பாவில் ஃபோரிட் வந்தால் உடனே ஒட்டுண்ணி என்று எழுதாதீர்கள். செத்து அழுகிய புழுவைத் தேடி வரும் ஃபோரிட்டும் ஏராளம், துணிக்கட்டின் இடுக்கு வழியாகவே நுழைந்துவிடும்.

நெல் வயலில் வலை வீசினால் தலை முழுக்கக் கண்ணாக, பெரிய உருண்டைத் தலையோடு ஒரு சின்னக் கறுப்பு ஈ மாட்டும். பைப்பன்குலிட் என்று பெயர். பச்சை தத்துப்பூச்சி போன்றவற்றைப் பறந்துகொண்டே தூக்கி, அதற்குள் முட்டை வைக்கும். இறக்கை உடம்பைவிட நீளம், எம் மடங்காது. பின்பக்கத்தில், ஏனல் பகுதியில், நீளமாகக் கூர்ந்து கிட்டத்தட்ட ஓரம் வரை போகும் மூடிய அறை ஒன்று இருக்கும்.

அதே போல நீண்ட கூரிய அறை கோனோபிட் ஈயிலும் உண்டு, ஆனால் ஆள் குளவி வேஷத்தில் இருப்பார். தேனீயையும் குளவியையும் பறக்கும்போதே பிடித்து முட்டை செருகுவது அவர் தொழில். இவரையும் பூ ஈயையும் குழப்பிக்கொள்வது சகஜம். பூ ஈயின் இறக்கையில் ஆர் 4+5க்கும் எம்முக்கும் நடுவே, எதிலும் சேராமல் மிதக்கும் ஒரு பொய் நரம்பு இருக்கும். அது குறுக்கு நரம்பை வெட்டிக்கொண்டு போகும். கண்டால் விட்டுவிடுங்கள், பல பூ ஈக்களின் புழு அசுவினியைத் தின்னும் நல்ல பிள்ளை, ஒட்டுண்ணி இல்லை.

வெயில் காயும் மண் பாதையில், இறக்கையை விரித்தபடி உட்காரும் மயிர் அடர்ந்த ஈக்களில் பாம்பிலிட் உண்டு. இறக்கையில் பழுப்புத் திட்டு இருந்தால் பார்க்க அழகு. ஆர் 4+5 நுனிக்கு முன்னால் கவைக்கோல் மாதிரி இரண்டாகப் பிரியும். மாட்டைக் கடிக்கும் பெரிய ஈயிலும் இந்தக் கவை இருக்கிறது. பாதத்தின் அடியைப் பாருங்கள், கடி ஈக்கு மூன்று மெத்தை, பாம்பிலிட்டுக்கு இரண்டு. வெட்டுக்கிளியில் வளரும் நெமஸ்ட்ரினிட், சிலந்தியில் வளரும் அக்ரோசெரிட் இரண்டும் அரிதாகவே கிடைக்கும். முதலாவதின் நரம்புகளைக் குறுக்கே வெட்டினாற்போல ஒரு சாய்வுக் கோடு ஓடும். இரண்டாவதற்குத் தலை மிளகு போலச் சின்னது, நரம்பைப் பார்க்கவே தேவைப்படாது.

நாய் மேலும் புறா மேலும் தட்டையாக ஒட்டி ஓடும் ஈயைச் சிலர் கொண்டுவந்து காட்டுவார்கள். அதில் கெட்டியான நரம்பெல்லாம் முன்னோரத்தில் நெருக்கியடித்திருக்கும். அது வெளியிலிருந்து ரத்தம் குடிப்பது, நம் கணக்கில் வராது.

கவிழ்க்கும் இடங்கள்

டாக்கினிட்டிலேயே எம் மடங்காத சின்ன வகைகள் உண்டு. சிலவற்றில் எம் ஓரம் வரை வராமல் பாதியில் தேய்ந்தே போய்விடும். ஆகவே மடிப்பு இல்லை என்பதற்காக மட்டும் தள்ளிவிடாதீர்கள், அந்த இரட்டை நாடியைப் பார்த்துவிட்டுத் தள்ளுங்கள். ஆட்டின் மூக்கில் புழு வைக்கும் ஈக்கு மடிப்பும் உண்டு, காம்பும் உண்டு, உப்பலும் உண்டு. ஆனால் வாயைப் பாருங்கள், இருக்கிற இடமே தெரியாத அளவு சுருங்கியிருக்கும். சதை ஈக்களில் வெட்டுக்கிளிக்குள் வளரும் பிளீசாக்சிஃபா போன்ற உண்மையான ஒட்டுண்ணிகள் இருக்கின்றன. குடும்பம் சதை ஈ என்று வந்துவிட்டால் ஒட்டுண்ணி இல்லை என்று அர்த்தமில்லை. அங்கே வளர்த்துப் பார்த்த சாட்சிதான் பேசும்.

இரண்டு இறக்கையிலும் நரம்பு ஒரே மாதிரி இல்லாத ஈ எப்போதாவது மாட்டும். ஒரு பக்கம் கூடுதலாக ஒரு துண்டு நரம்பு, மறுபக்கம் இல்லை. பிறவிக் கோளாறு, புது இனம் அல்ல. இன்னொரு இறக்கையை உடம்போடு விடச் சொன்னது இதற்கும்தான்.

அந்த மூன்று ஈக்கள்

முதல் ஈ, 7 மில்லிமீட்டர். முதுகில் நாலு கோடு, எம்மில் கூரிய மடிப்பு. பின்காலுக்கு மேலே மயிர் வரிசை இல்லை. அதோடு முடிந்தது, வீட்டு ஈ. இரண்டாவதுக்கு மூன்று கோடு, வயிறு சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாக, மடிப்பு உண்டு, மயிர் வரிசை உண்டு, இரட்டை நாடி இல்லை, உணர்கொம்பு மயிரில் பாதி இறகு. சதை ஈ. மூன்றாவது 11 மில்லிமீட்டர், நாலு கோடு, மடிப்பு, மயிர் வரிசை, உப்பல், வெறும் மயிர். டாக்கினிட். இது வரைக்கும் இறக்கையும் உடம்பும் சொன்னது.

ஊசி ஈ என்று நான் எழுதியது அவற்றை மட்டும் வைத்து அல்ல. ஒரு வாரம் கழித்து அதே மனையில் சந்திரிகையிலிருந்து, அதாவது புழு கூடு கட்ட வைக்கும் தட்டிலிருந்து, எடுத்த பட்டுக்கூடுகளில் சிலவற்றில் வட்டமாக ஓட்டை விழுந்திருந்தது. ஐந்தாம் பருவப் புழுக்கள் சிலவற்றின் தோலில், முட்டை ஒட்டியிருந்த இடத்தில் கறுப்புத் தழும்பு. தரையின் விரிசலைக் கிளறினால் பழுப்புப் பீப்பாய்கள். அவற்றில் நாலை டப்பாவில் வைத்தேன், வந்த ஈ மூன்றாவதைப் போலவே இருந்தது. இனம் வரை அடித்துச் சொல்ல வேண்டுமென்றால் ஆண் ஈயின் வயிற்று நுனி உறுப்பைப் பிரித்துப் பார்க்கும் நிபுணரிடம்தான் போக வேண்டும். இறக்கையை மட்டும் ஒட்டி அனுப்பினால் அவர் திட்டுவார், முழு உடம்பும் வேண்டும்.

கடைசியாகச் சீட்டு. இறக்கை ஒட்டிய அட்டையிலும், ஈயைக் குத்திய ஊசியிலும் ஒரே எண் இருக்கட்டும். ஊர், தேதி, எந்தச் செடி, எந்தப் புழுவிலிருந்து வந்தது, புழு செத்த நாள், ஈ வந்த நாள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஓடிவிடும். ஈயை வைக்கும் பெட்டியில் அந்துருண்டை ஒன்று போட்டு, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். என் முதல் இருபத்துச் சொச்சம் ஈக்களை ஒரே ராத்திரியில் எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது. டேப்புக்கு அடியில் இருந்த இறக்கைகள் மட்டும் மிஞ்சின, அதில் பதினொன்றுக்கு எண் போட்டிருக்கவில்லை.